குடித்தது வெயில்

தெளிப்பானை அழுத்தும்போது வரும் கீச்சுச் சத்தம் உன் வீட்டுச் சத்தம். இன்று காலையிலிருந்து அது என் வீட்டில் கேட்கிறது. எங்கள் பசுந்தாங் பேட்டையில் நேற்றுப் போன மின்சாரம் இன்னும் வரவில்லை. கூண்டில் தண்ணீர் தூவும் இயந்திரம் நின்றுவிட்டது. உன் பச்சோந்தி மாப்பிள்ளைக்குக் கண் உள்ளே போயிருக்கிறது. எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி ஆரஞ்சாகக் கிடந்தது, தாகத்தின் அடையாளம். கல்யாண மாப்பிள்ளை போல ஒவ்வோர் அடிக்கும் யோசித்து நடக்கிறது என்று நீ வைத்த அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன்.

தையல் கடையில் உன் பக்கத்து மெஷின்காரி நான் என்று நம்பித்தான், முன்பொரு முறை, ஊரே ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றும் தண்ணீர்த் திருவிழாவில் அதை என்னிடம் விட்டுவிட்டு நான்கு நாள் தியானம் செய்ய மாவ்பி மடத்துக்குப் போனாய். நாளுக்கு மூன்று முறை இலைகளில் தண்ணீர் தூவச் சொன்னாய். எனக்கு அது வீண் வேலையாகப் பட்டது. வழிப்போக்கருக்குப் பானையில் தண்ணீர் வைக்கிற ஊரில் ஒரு பிராணிக்குக் கிண்ணம் போதாதா? வைத்தேன். தினமும் தண்ணீர் குறைந்தது, நிரப்பினேன். எனக்குப் பெருமை வேறு.

நீ வந்ததும் கிண்ணத்தைப் பார்க்கவே இல்லை. அதன் முகத்தருகே குனிந்தாய். பகலிலேயே கண்ணை மூடி, கிளையைப் பிடிக்கத் தெம்பில்லாமல் இருந்தது. ஊரே நனைந்து முடித்த வாரத்தில் அது தாகத்தில் சாகக் கிடந்தது. தண்ணீர் குறைந்ததே, குடித்ததே என்று நான் வாதாடினேன்.

"குடிச்சது வெயிலு," என்றாய். "நிக்கிற தண்ணி அதுக்குத் தண்ணின்னே தெரியாது. எலையில சொட்டணும்."

வாயில் ஊற்றப்போன என் கையைத் தட்டிவிட்டாய், நுரையீரலுக்குள் போய்விடுமாம். வெதுவெதுப்பான நீரை மெல்லத் தூவிக்கொண்டே இருந்தாய். வெகுநேரம் கழித்து நாக்கு ஒரு துளியைத் தொட்டது. அதன் பிறகுதான் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

போன வருஷம் நீ காய்ச்சலில் கிடந்தாய். மின்சாரம் இல்லாமல் மாடிக்குத் தண்ணீர் ஏறாத நாட்கள். கீழேயிருந்து நான் கொண்டுவந்து வைத்த பாட்டில் சாயங்காலம் காலியாக இருக்கும். குடித்தாயா என்றால் தலையாட்டுவாய். நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். குனிந்து உன் கண்ணைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில், உடம்பில் தண்ணீரே இல்லை என்றார்கள். அன்றே நீ இறந்துபோய், உன் வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் பார்த்தேன்: நான் கொண்டுவந்த தண்ணீரால் இந்தத் தெளிப்பான் கழுத்துவரை நிறைந்திருந்தது, மாப்பிள்ளையின் இலைகள் இன்னும் ஈரமாக இருந்தன.

இதோ, நாக்கு நீள்கிறது. ஒரு துளி. இன்னொன்று. நான் நிறுத்தவில்லை, மருத்துவருக்கும் சொல்லியாயிற்று. உன்மேல் கோபம் இன்னும் ஆறவில்லை, என்மேலும்தான். இப்போதெல்லாம் காய்ச்சலில் கிடக்கிற யாரிடமும் குடித்தாயா என்று நான் கேட்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தொண்டை அசையும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.