சொந்த மனிதருக்கு ஆலோசனை கிடையாது

தக்லோபான்
9 மார்ச் 2017

அன்புள்ள ரொகேல்,

கப்பல் சோறு இன்னும் குழைந்துதான் வருகிறதா? இங்கே நான் புள்ளியியலில் மறுபடியும் தோற்றுவிட்டேன். மீன் சந்தையில் உன் தங்கை பெர்லா ஊருக்கே கேட்கும்படி, "இந்த வயசுல மனோதத்துவத்துல எம்.ஏ.வா அண்ணி? முதல்ல உங்க மண்டைய யார்கிட்டயாவது காட்டுங்க"ன்னாள். "காட்டுறேன், நீ மீனை ஒழுங்கா நிறு"ன்னு சொல்லிவிட்டு வந்தேன்.

அவரவர் வேகத்தில் படிக்கலாம் என்பதுதான் இந்தத் தொலைதூரப் படிப்பின் வசதி. என் வேகம் உனக்குத் தெரியும். புயலில் வீடிழந்தவர்களின் குடியிருப்பில் குமாஸ்தாவாக இருக்கிறேன்; மனசு விட்டுப் பேச எத்தனையோ பேர் வருகிறார்கள். பட்டம் இல்லாமல் அவர்களோடு ஆலோசகராக உட்கார எனக்கு அனுமதியில்லை. மறுபடி பதிவு செய்துவிட்டேன்.

உன் மரிவிக்

ரோட்டர்டாம்
2 ஏப்ரல்

மரிவிக்,

போதும், விட்டுவிடு. ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது. சேபு நகரத்துக்குப் போய்க் கடை வைப்போம்.

ஊரார் அழுகையைக் கேட்கப் படிக்கிறாய். அந்தப் புயலில் நம் மகன் நோனோயைக் கடல் கொண்டுபோனதிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. என்ஜின் நின்றால் அவன் கூப்பிடுவது போலிருக்கிறது. என் அழுகையை யார் கேட்டார்கள்? இவ்வளவு படிக்கிறாயே, எனக்கு ஏதாவது சொல்லேன்.

ரொகேலியோ

தக்லோபான்
25 ஏப்ரல்

என் ரொகேல்,

புயலுக்குப் பிறகு நீ அவன் பெயரை எழுதியது இதுதான் முதல் தடவை. அந்த வரியைத் தாண்டிப் படிக்க வெகுநேரம் ஆனது.

சொந்த மனிதருக்கு ஆலோசனை சொல்லக்கூடாது என்பது எங்கள் படிப்பின் விதி. அவன் எனக்கும் மகன். நீ அழுதால் நானும் அழுவேனே தவிர, எதிரே அமர்ந்து கேள்வி கேட்க மாட்டேன். அங்கே மாலுமிகள் இல்லத்தில் தெரெசித்தா என்று நம் நாட்டு ஆலோசகர் ஒருவர் இருக்கிறாராம். அடுத்த முறை கரை இறங்கும்போது போய்ப் பார். எனக்காகப் போ.

நீ வந்ததும் சேர்ந்து அழுவோம். ஆனால் கடை வேண்டாம். ஜூன் பதினெட்டு தேர்வு. அன்றைக்குச் சமையல் உன்னுடையது.

மரிவிக்

ரோட்டர்டாம்
20 மே

மரிவிக்,

போனேன். வாசல்வரை போய்த் திரும்பி, மறுபடி போனேன்.

எல்லோரும் அவன் எப்படிச் செத்தான் என்றுதான் கேட்பார்கள். தெரெசித்தா அம்மா, "உங்க பையன் எப்படிப்பட்டவன், சொல்லுங்க"ன்னார். இடது காது மடிந்திருக்கும், தோற்றால் சீட்டுக்கட்டைக் கலைத்துவிடுவான் என்று தொடங்கினேன். கப்பலுக்குத் திரும்பும் நேரம்வரை நிறுத்தவில்லை. அவர் குறுக்கே பேசவேயில்லை.

இந்த முறையும் தோற்றால் தேர்வை மறுபடி எழுது. அந்த அம்மா உட்கார்ந்திருந்தாரே, அந்த நாற்காலியில் நம் ஊரில் நீ உட்கார வேண்டும்.

ரொகேல்