ரெட்டைக் கண்ணாடிக்கு உள்ளே அப்பா

அன்புள்ள அண்ணன் அறிவரசனுக்கு,

உன் தங்கை கவியா எழுதுவது. நான் சுகம். கத்தார் வெயிலில் கட்டிடம் கட்டிடமாகக் கண்ணாடி மாட்டும் உன் உடம்பு எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன். அதுவும் அப்பா தலையணைக்கு அடியில். நீ கூப்பிட்டதும் ஸ்பீக்கரில் போட்டு, "நல்லாருக்கேன்யா, ரூம்பு ஜில்லுனு இருக்கு" என்று சொல்வார். அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் மூச்சு இருக்கிறது. உடனே போனை என்னிடம் தந்துவிட்டு, வாயைத் திறக்காதே என்று முறைப்பார். அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்பும் ஆண்டிமடம் கலைமணி அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் போன் போட்டு அப்பாவிடம் எதையும் கேட்டுவிடாதே. சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்து தந்திருக்கிறேன்.

முதலில் ஜன்னல். நீ வீடியோ காலில் சொல்லச் சொல்ல, பெரம்பலூர்க் கடைக்காரர் வந்து மாட்டிவிட்டுப் போனாரே, அது அருமையாக வேலை செய்கிறது. "ஒரு கண்ணாடிக்கே வழியில்லாத தெருவுல ரெட்டைக் கண்ணாடியா?" என்று அவர் சிரித்தார். "ஒண்ணு ஒடஞ்சா இன்னொண்ணு இருக்கும்ல" என்று அப்பா பதில் சொன்னார். இரண்டுக்கும் நடுவில் அடைபட்ட காற்று அசையாது, அதனால் வெளிச்சூடு உள்ளே தாண்டாது என்று நீ சொன்னதை அப்போது நான் நம்பவில்லை. மேற்கு வெயிலில் பழைய ஜன்னலின் தகரக் கதவைத் தொட்டால் கை வெந்துபோகும். இப்போது மத்தியானத்தில் உள்பக்கக் கண்ணாடியில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை.

தூசியும் இல்லை. திறக்கவே முடியாத ஜன்னலாகப் போடச் சொன்னாய், சரியாகப் போய்விட்டது. காலையில் பெருக்கினால் முன்பு வெள்ளை மாவு மாதிரி வரும். இப்போது அலமாரியில் விரலை வைத்து இழுத்தால் விரல் சுத்தமாக இருக்கிறது. குவாரி வெடிகூட நாலு தெரு தள்ளி யாரோ மூட்டையைப் போட்டது மாதிரித்தான் கேட்கிறது. தரைதான் அதிர்கிறது. அதற்குக் கண்ணாடி என்ன செய்யும்?

ஆனால் இருமல் நிற்கவில்லை அண்ணே. முன்பெல்லாம் குவாரித் தூசியைத் திட்டிவிட்டுப் படுத்துக்கொள்வோம். இப்போது திட்டுவதற்கு அறையில் ஒன்றுமே இல்லை. சுத்தமான அறையில் உட்கார்ந்து அப்பா இருமுகிறார்.

போன புதன்கிழமை ஜன்னலுக்கு வெளியே கல்லில் துணி அடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கும் எனக்கும் இரண்டு கை தூரம்கூட இல்லை. எதிர்வீட்டு நந்தினி தண்ணீர் பிடிக்க வந்தவள் சிரித்தாள். "ஏ கவியா, ஒங்கப்பா என்னடி, சவுண்டு போன டிவி மாரி கண்ணாடிக்குள்ள வாயத் தொறந்து தொறந்து மூடுறாரு?"

திரும்பிப் பார்த்தேன். உள்ளங்கையால் கண்ணாடியை அடித்துக்கொண்டிருந்தார். உதடு நீலமாகியிருந்தது. எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டாரோ, தெரியவில்லை. நந்தினிதான் 108-க்குப் போன் போட்டாள். பாவம், சிரித்துவிட்டோமே என்று வழியெல்லாம் அழுதாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நெஞ்சு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்பா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டார். குவாரியில் கல் உடைக்கும் கிரஷரில் என்றேன். நம் ஜன்னல் கதையையும் சொன்னேன். "வூட்டுக்குள்ள தூசி வராம பாத்துக்கிட்டீங்க, நல்லது. நெஞ்சுல ஏற்கெனவே படிஞ்சு கெடக்குறத என்னம்மா பண்றது?" என்றார். பிறகு, கூடப் பிறந்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். அண்ணன் கத்தாரில் என்றேன். "லீவு கெடைக்குமானு கேளுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஜன்னலைப் பெயர்க்கக் கடப்பாரையை எடுத்தேன். அப்பா விடவில்லை. "அதுல கை வெச்சே, நான் சோறு திங்க மாட்டேன். எம்புள்ள சொல்லிக் குடுத்துப் போட்டது. சத்தத்த நிறுத்தும்னான், நிறுத்துச்சு. அது என்ன தப்பு பண்ணுச்சு?" என்றார். அப்புறம்தான் அந்தச் சத்தியம். உன் ஜன்னலால்தான் இப்படி ஆயிற்று என்று நீ அங்கே உட்கார்ந்து நினைத்துக்கொள்வாயாம். அப்படி நினைக்காதே. நானும் நினைக்கவில்லை.

காலேஜை விட்டாள், மொபைல் கடையை விட்டாள், முந்திரி உடைக்கப் போய் அதையும் விட்டாள், இவள் எங்கே நிலைப்பாள் என்று நீ திட்டுவாயே, இப்போது ஒரே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவை விட்டுத் துணி துவைக்கக்கூட வெளியே போவதில்லை. நந்தினி துவைத்துத் தருகிறாள்.

கட்டிலை ஜன்னலை ஒட்டிப் போடச் சொன்னார். போட்டிருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் பஸ் ஸ்டாப் தெரியும். அரியலூர் பஸ் சத்தமில்லாமல் வருகிறது, நிற்கிறது, போகிறது. கடைசி ஆள் இறங்கும்வரை பார்க்கிறார். யாரைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டால், "சும்மா, டிரைவரு மாறிட்டானானு பாக்குறேன்" என்கிறார்.

ஹாலுக்கும் இதே மாதிரி ஜன்னல் போட ஏற்பாடு செய்துவிட்டுத் தை மாதம் வருகிறேன் என்றாய். ஹாலுக்கு வேண்டாம். தை வரைக்கும் வேண்டாம். முதலாளி கத்தினால் கத்தட்டும்.

வரும்போது எல்லாரையும் போலத் திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து கார் வைத்து வராதே. கார் பின்சந்து வழியாகத்தான் வரும், அவர் பார்க்கமாட்டார். அரியலூரில் இறங்கி டவுன் பஸ் பிடி. ஸ்டாப்பில் இறங்கியதும் ஓடி வராதே. அங்கேயே ஜன்னலைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நில். நீ கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது. கையைத் தூக்கி ஆட்டு, போதும்.

திருமழபாடி ஈசன் உன்னைப் பத்திரமாக, சீக்கிரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் தங்கை,
கவியா