சார் தூங்குகிறார்

அன்பு மகளுக்கு,

"ஒரே நோய், ஒரே மருந்து. அப்பா நடமாடுறார், சித்தப்பா மட்டும் ஏம்மா இன்னும் படுத்தே இருக்கார்?" என்று போனில் கேட்டாய். பக்கத்தில் சித்தி இருந்ததால் மழுப்பிவிட்டேன். அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

அண்ணன், தம்பி இருவருக்கும் நிமோனியா என்றதும், அப்பாவை வீட்டுக்குப் பக்கத்திலிருந்த பொது ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சித்தப்பாவோ தான் நிர்வாகியாக இருந்த ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன் என்றார். அங்கே கருவிகள் புதியவை. டாக்டர்களையும் குறை சொல்ல மாட்டேன்.

அப்பாவின் வார்டில் கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஆள் ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும். அங்குள்ள நர்ஸுக்கு அப்பா வைத்திருக்கும் பெயர் ‘மாமியார்’. "என்ன மாமா, ரயில் பெர்த்துன்னு நினைச்சீங்களா? எழுந்து உட்காருங்க!" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி அதட்டுவாள். நாற்காலியில் உட்கார்ந்தால்தான் சாப்பாடு. இருமச் சொல்வாள், மூச்சை இழுத்து விடச் சொல்வாள், கழிவறை வரை நடத்திக் கூட்டிப்போவாள். அப்பா திட்டிக்கொண்டே நடந்தார். திட்டுவதற்கு மூச்சும் வந்தது.

சித்தப்பாவின் அறையில் திரைச்சீலை மூடியிருக்கிறது. உள்ளே வருகிறவர்கள் செருப்பின் சத்தம்கூடக் கேட்காமல் வருகிறார்கள். உட்கார வைக்கச் சொல்லி டாக்டர் எழுதித்தான் வைத்திருக்கிறார். நர்ஸ் கதவைத் திறப்பாள், "சார் தூங்குறார்" என்று மெல்லச் சொல்வாள், போய்விடுவாள். அவரைக் கண்டதும் எழுந்து நின்று பழகியவர்கள், அவரை எழுப்பத் தயங்குகிறார்கள். சித்தியும் பாசத்தில், அவர் படுத்திருக்கும்போதே கரண்டியால் ஊட்டுகிறாள். இரண்டு தடவை புரையேறிவிட்டது.

ஈரப் பஞ்சைத் தட்டில் கிடத்திப் பார். தண்ணீர் அடிப்பக்கமே தங்கிவிடும். நுரையீரல் பஞ்சு இல்லைதான். ஆனாலும் படுத்தே கிடந்தால் சளி அப்படித்தான் தேங்குகிறது என்று டாக்டர் சொன்னார். சித்தப்பாவுக்கு நேற்று எடுத்த எக்ஸ்ரேயில் வெள்ளைத் திட்டு பெரிதாகியிருக்கிறது. இப்படியே போனால் மூச்சுவிடத் தொண்டையில் குழாய் போட வேண்டிவரும் என்றும், இந்த வயதில் அதிலிருந்து மீள்வது கடினம் என்றும் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். சித்திக்கு இன்னும் தெரியாது.

நானும் முயன்றேன். தோளைப் பிடித்துத் தூக்கப் போனபோது, "அண்ணி, ரிட்டயர் ஆகியும் வகுப்பெடுக்கிறதை விடலையா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே இருமலாகிவிட்டது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சித்தி என்னைப் பார்த்த பார்வையில், "ஓய்வெடுக்க விடுங்களேன் அக்கா" என்ற கெஞ்சல் இருந்தது. அதற்கு மேல் எனக்குக் கை வரவில்லை.

அப்பாவுக்கு நாளை வீடு திரும்ப அனுமதி. வந்ததும் தம்பியைப் பார்க்க வேண்டும் என்கிறார். பெற்ற பிள்ளை இல்லாத சித்தப்பாவுக்கு நீதான் பிள்ளை. நீ சொல்லி அவர் மறுத்ததை நான் பார்த்ததில்லை.

உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். இதைப் படித்ததும் அவரை வீடியோ காலில் கூப்பிடு. உடம்பு எப்படி என்று கேட்காதே, ஓய்வெடுங்கள் என்றும் சொல்லாதே. "சித்தப்பா, உங்க முகமே தெரியலை, நிமிர்ந்து உட்காருங்க" என்று சொல். அவர் உட்காரும் வரை போனை வைக்காதே.

அன்புடன்,
அம்மா