வெட்டக்கூடாத கேபிள்

ஜூன் 9

கேபிளை வெட்டியது நான். இஸ்மாயில் மேல் பழி போட்டதும் நான். எழுதாமல் சாப்பாடு இறங்கவில்லை.

போன வருடம் கேட்காமல் என் சுவரில் ஆணி அடித்து இன்டர்நெட் ஒயர் இழுத்தான், தெருவுக்கு லைன் கொடுக்கும் இஸ்மாயில். பிடுங்கி எறிந்தேன். அன்றிலிருந்து தெருவில் எங்கள் வீட்டுக்கு மட்டும் லைன் இல்லை. என் மனைவி கமலத்துக்கு இடுப்பெலும்பு முறிந்த பிறகு, மருமகள் அகல்யா வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். போன் சிக்னல் போதவில்லை. இருபதாம் தேதிக்குள் நல்ல லைன் வராவிட்டால் தினமும் நேரில் வரச் சொல்லிவிட்டார்கள் ஆபீசில். நெமிலிச்சேரியிலிருந்து சோழிங்கநல்லூர், போக மட்டும் இரண்டரை மணி நேரம். மகன் ஜெகதீஷ் மஸ்கட்டில். கமலத்தைப் பிடித்து நடத்த வேறு ஆளில்லை.

"இஸ்மாயிலயே கூப்பிடலாமே மாமா."

வானத்திலிருந்து வரட்டும், சாட்டிலைட் இன்டர்நெட் வாங்கு என்றேன்.

டிஷ்ஷுக்குப் பதினைந்து மீட்டர் கேபிளா முப்பதா என்று கடையில் கேட்டார்கள். "முப்பது வாங்கிக்கலாம் மாமா, தண்ணி டேங்க் மறைக்காத மூலையில வைக்கணும்" என்றாள் அகல்யா. நானா கேட்பேன்? முப்பத்தாறு வருடம் ஆவடியில் ஃபிட்டர். டேப் பிடித்து அளந்து, பதினைந்து என்றேன். டிவி டிஷ் இருக்கும் அதே கம்பத்தில், அதே திசையில் இறுக்கினேன். கேபிள் முனையின் பிளக் சுவர்த் துளையில் நுழையவில்லை. டிவி ஒயர் என்றால் வெட்டி, உள்ளே விட்டு, புதுப் பின் மாட்டுவோம். அப்படித்தான் வெட்டினேன். இதற்குப் புதுப் பின் கிடையாதாம். வெட்டினால் செத்தது.

"யாரு மாமா வெட்டினது?"

"வேற யாரு, அந்த இஸ்மாயில்தான்."

யோசிக்கக்கூட இல்லை.

ஜூன் 10

கமலத்திடமும் சொல்லவில்லை.

ஜூன் 12

அகல்யா என்னை நம்பி, நலச் சங்கச் செயலாளர் உலகநாதனிடம் சொல்லிவிட்டாள். சாயங்காலம் தெருமுனையில் இஸ்மாயிலை நிறுத்திக் கேட்டார்கள். நானும் நின்றேன்.

"நாப்பது ஊட்டுக்கு லைன் குடுக்கிறேன் நைனா. உன் ஒத்த ஒயர வெட்டி இன்னாத்த கிழிக்கப் போறேன்?"

சிலர் சிரித்தார்கள். உலகநாதன் சிரிக்கவில்லை. இந்தத் தெருவில் இனி இவன் ஒயர் வேண்டுமா என்று ஞாயிறு கூட்டத்தில் முடிவு செய்வார்களாம்.

இஸ்மாயில் என்னிடம் வந்தான். "நீ பாத்தியா நைனா? பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லு, நானே கழட்டிகினு போறேன்."

தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே... இல்லை. தெரியும். பார்த்தேன் என்றுதான் ஆட்டினேன்.

ஜூன் 13

அகல்யா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். ஒரு கையில் கேபிள் துண்டு, மறு கையில் என் கட்டிங் பிளேயர். அதன் வாயில் ஒரு இடம் உடைந்திருக்கும். கேபிளில் அதே தடம்.

"இது உங்களோடதுதானே மாமா?"

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் இரண்டையும் மேஜைமேல் வைத்தாள். "அத்தைக்கு மாத்திரை நேரம்" என்று உள்ளே போய்விட்டாள்.

எழுபத்து மூணு வயசுல, ஒரு ஒயருக்குப் பொய். இன்னா மனுஷன்டா நீ?

ஜூன் 14, ஞாயிறு காலை

கூட்டம் பத்தரைக்கு. யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைக்கிறேன்.

நான்: எல்லார் முன்னாலும் எழுந்து, வெட்டியது நான், பார்த்தேன் என்றது பொய் என்று சொல்ல வேண்டும். உட்கார்ந்தபடி சொல்லக்கூடாது. ஆணி அடித்த கதையை இழுக்கக்கூடாது.

உலகநாதன்: அதைச் சங்க நோட்டில் எத்திராஜ் என்று என் பெயர் போட்டு எழுத வேண்டும்.

நான்: பிறகு இஸ்மாயில் வீட்டுக்கு நடந்து போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். லைன் கேட்கக்கூடாது.

அகல்யா: புதுக் கேபிள் எத்தனை மீட்டர், டிஷ் எந்த மூலை, அவள் சொல்ல வேண்டும். துளையைப் பெரிதாக்குவது என் வேலை.

இருபதாம் தேதிக்குள் லைன் வராவிட்டால்: கமலத்தைப் பிடித்து எழுப்பி நடத்த நான் கற்றுக்கொள்ள வேண்டும். இன்று மத்தியானமே, அகல்யாவிடம்.

இஸ்மாயில் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை.