பிடுங்கி எறிந்த காதடைப்பான்கள்

மார்ச் 4

இன்று மீட்டிங்கில் எனக்கு நாற்காலி கிடைத்தது. இதுவரை, டாக்டர்கள் கேட்ட கட்டுரைகளை நின்றபடியே கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரி நூலகத்துக்குத் திரும்பிவிடுவேன். ஐ.சி.யூ.வின் தலைமை நர்ஸ், ஆஸ்பத்திரி முழுக்க அவர் 'அக்கா'தான், பக்கத்து நாற்காலியிலிருந்த தன் பையை மடிக்கு மாற்றிக்கொண்டார். "லைப்ரரி, இங்க வந்து உக்காரு. தேடப்போறது நீதானே? கேள்வி என்னன்னு ஆரம்பத்துலேருந்து கேளு."

கேள்வி அக்காவுடையது. மெஷின்கள் ஓயாமல் கத்துகின்றன. தூக்கம் கெட்டு நோயாளிகளுக்குப் புத்தி தடுமாறுகிறது. காதை அடைத்துவிட்டால் என்ன? வருடக்கணக்காக மனதில் போட்டு உருட்டியது. பெரிய டாக்டர் சம்மதித்துவிட்டார். எங்கள் புள்ளியியல்காரர் கணக்குப்புலியும் தயார். இதை முன்பே யாரும் செய்ததில்லை என்று நான் தேடிப் பார்த்துச் சொன்னால் ஆய்வை ஆரம்பித்துவிடுவார்கள்.

மார்ச் 5

அம்மா: "புஸ்தகம் எடுத்துக் கொடுக்கிறவளுக்கு வார்டுல என்னடி வேலை?"

யோசித்தேன்.

மார்ச் 17

கிடைத்துவிட்டது. கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

தோற்ற ஆய்வுகளை யாரும் பெரிதாக வெளியிடுவதில்லை. தேடிப் போனால்தான் அகப்படும். ஒரு பழைய மாநாட்டுத் தொகுப்பில் அரைப் பக்கம். அதே கேள்வி, அதே காதடைப்பான். நோயாளிகள் பிடுங்கிப் பிடுங்கி எறிந்ததால் பாதியில் நிறுத்திவிட்டார்கள். ஏன் பிடுங்கினார்கள்? அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சொன்னால் அக்காவின் ஆய்வு போச்சு. என் நாற்காலியும் போச்சு. சொல்லாவிட்டால்... பிடித்தது மட்டும்தான் கண்ணில் படும் என்றால், அப்புறம் தேடுவானேன்?

மார்ச் 18

சொல்லிவிட்டேன். அந்த அரைப் பக்கத்தை மேஜைமேல் வைத்தேன்.

"வெண்ணெய் திரண்டு வர்றப்ப தாழி உடைஞ்ச கதையால்ல இருக்கு!" என்றார் கணக்குப்புலி. பெரிய டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். அக்கா அரைப் பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். பிறகு, சிரித்தார்!

"நல்ல வேளை. இல்லேன்னா நானும் அத்தனை பேரையும் பாடாப் படுத்தியிருப்பேன்." என் பக்கம் திரும்பினார். "ஏன் பிடுங்கினாங்களாம்?"

"அதை எழுதலையே அக்கா."

"எழுதாததைத் தேட முடியுமா உன்னால?"

ஆசை ஆசையாக வளர்த்தது கண்ணெதிரே சரிந்துகொண்டிருக்கிறது, அந்த நேரத்தில் அடுத்த கேள்வி கேட்கிறார். பெரிய மனம் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். எதிரே உட்கார்ந்து பார்த்தது இன்றுதான்.

மார்ச் 26

அந்த ஆய்வில் வேலை செய்த நர்ஸின் எண் கிடைத்தது, அந்த ஊர் நூலகர் வழியாக. நூலகருக்கு நூலகர் இல்லையென்று சொல்வதில்லை. நூலகப் பின்னறையில் எல்லோரும் கூடினோம். பெரிய டாக்டருக்குப் புத்தகப் பெட்டிதான் ஆசனம். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏம்மா பிடுங்கினாங்க?" என்றார் அக்கா.

"அட, இதை இன்னைக்கு வரைக்கும் யாருமே கேக்கலைங்க!" என்றது அந்தக் குரல். "வீட்டுக்காரங்க வந்து கூப்பிட்டா கேக்காம போயிடுமேன்னு பயம். தூங்குறாருன்னு நினைச்சு திரும்பிப் போயிட்டா?"

நன்றி சொல்லி இணைப்பைத் துண்டித்தேன்.

"அப்ப காதை விட்டுடுவோம் டாக்டர்," என்றார் அக்கா. "மெஷின் வாயை அடைப்போம். லைப்ரரி, மறுபடி முதல்லேருந்து தேடு."

பெரிய டாக்டர் எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டே, "அடுத்த மீட்டிங் இங்கேயே வைக்கலாம்," என்றார்.

மார்ச் 27

தேடுகிறேன். சந்தோஷமாக.

ஜூன் 9

"இன்னைக்கும் வார்டா?" என்றாள் அம்மா. "ஆமாம்மா." "சரி, சாப்பிட்டுட்டுப் போ."

மெஷின்களின் சத்தத்தைத் தணித்து இன்று முதல் நாள். கடைசிக் கட்டில் அருகே உட்கார்ந்து சத்தத்தின் அளவைக் குறித்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பெண் தயங்கி நின்றாள். கண்மூடிக் கிடந்தவரைப் பார்த்து, எழுப்ப மனமில்லாதவள்போல, மெல்ல "அப்பா" என்றாள்.

அவர் தலையைத் திருப்பினார்.

எழுந்து, என் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தேன்.