கேட்டில் கனத்த போத்தல்

அன்பு மகள் கலாவதிக்கு, அப்பா செல்லையா வாயால் சொல்ல, பக்கத்து வீட்டு ஜெனவீவ் டீச்சர் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அவளுக்கு முட்டிவலி மட்டும் விட்டபாடில்லை. பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க மாரியம்மனை வேண்டுகிறோம்.

ஊறுகாய்க்கு அம்மா ஒரு கிலோ நல்லெண்ணெய் என்றாள், இங்கே லிட்டரில்தான் விற்கிறார்கள், இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டிருந்தாய். தண்ணீருக்குத்தான் மகளே அந்தக் கணக்கு. நேற்று நம் தராசில் நிறுத்துப் பார்த்தேன், லிட்டர் எண்ணெய் தொள்ளாயிரத்து இருபது கிராம்தான் வந்தது. லிட்டர் பால் ஒரு கிலோவுக்கு மேல் முப்பது கிராம் வந்தது, தேனை நிறுக்க அம்மா விடவில்லை. நீ ஒரு லிட்டருக்கு மேல் இன்னும் தொண்ணூறு மில்லி ஊற்று. ஆனால் முதலில் காலிப் பாத்திரத்தை நிறுத்துக் கழித்துக்கொள். அதை மறந்து நான் ஒருத்தியைச் சிறைக்கு அனுப்பப் பார்த்தேன்.

ரப்பர் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு, மாரியம்மன் தேர் வெளியே போக முடியாமல் உள்ளேயே மூன்று சுற்று சுற்றிய வருசம் அது. வெள்ளைக்காரன் காலத்து எமர்ஜென்சி. நான் எஸ்டேட் கேட்டில் காவல். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சீனி போய்விடும் என்று, பால் வெட்டப் போகிறவர்கள் சீனி போடாத வெறும் தேத்தண்ணிதான் கொண்டுபோகலாம். ருசி பார்த்து விடச் சொன்னார் போலீஸ் சார்ஜன். மற்றவர்கள் எச்சிலில், அதுவும் கீழ் லயத்து எச்சிலில், நான் வாய் வைப்பேனா? அப்போது எனக்கு அவ்வளவு சாதித் திமிர். அதனால் கடைத் தராசில் ஒரு பக்கம் தண்ணீர்ப் போத்தல், மறுபக்கம் அவர்கள் போத்தல். சீனி கரைத்திருந்தால் தாழும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒருநாள் கீழ் லயத்து லெட்சுமியின் போத்தல் தாழ்ந்தது. சார்ஜன் லோரியைக் கூப்பிட்டுவிட்டார். கோலசிலாங்கூர் ஸ்டேசனுக்குப் போனால் இந்தியாவுக்குக் கப்பலேற்றி விடுவார்கள், வீட்டில் அவளுக்குக் கைக்குழந்தை. அவள் அழவில்லை. "நாக்குல வச்சுப் பாருங்கண்ணே" என்றாள். நான் அசையவில்லை. "எச்சின்னு பாக்குறீங்களா? அப்ப ஒங்க தண்ணியவே ஊத்தி நிறுங்க லா" என்று தேத்தண்ணியைத் தரையில் கொட்டிவிட்டுப் போத்தலை நீட்டினாள். ஊற்றினேன். வெறும் தண்ணீருக்கும் தட்டு அதே மாதிரி தாழ்ந்தது. அவளுடையது அடி தடித்த சோடாப் போத்தல். வெட்டுக்காரர்களை மேய்க்கும் மண்டோர் உடையப்பன் சிரித்தார், சார்ஜன் லோரியைத் திருப்பி அனுப்பினார். அவள் பகல் முழுக்கத் தேத்தண்ணி இல்லாமல் வேலை செய்தாள். நான் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை.

வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே, மாப்பிள்ளையை இருமலுக்கு டாக்டரிடம் காட்டு. நீங்கள் இருவரும் நூறு வயது நிறைவாக வாழ எங்கள் ஆசீர்வாதம். டிசம்பரில் வரும்போது காரில் என்னைப் புக்கிட் பெலிம்பிங்குக்கு ஒருநாள் கூட்டிப்போக மறக்காதே. அங்கே ஒருத்தியிடம் கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும். அன்று கேட்டில் நின்றவர்களில் என்னைத் தவிர இன்னும் உயிரோடிருப்பது லெட்சுமி ஒருத்திதான்.

உன் அப்பா,
செல்லையா (கைநாட்டு)