வெனிலா கல்யாணத்துக்கு ஒரு கேமரா

அன்புள்ள பாக்கியமேரி,

நீயும் வெனிலாவும் சுகமா? எனக்கு ஒரு குறையுமில்லை, தொப்பைகூட நலம்.

மகள் கல்யாணத்துக்கு லீவு இல்லையென்று சொல்லிவிட்டார்கள். அதனால் மஸ்கட்டில் என்னைப் போலவே பழசான, மலிவான டிஎஸ்எல்ஆர் ஒன்றை வாங்கி அனுப்பியிருக்கிறேன். ரா வீடியோ, அதாவது கலர் சேர்க்காத பச்சை வீடியோ எடுக்கும். மெமரி கார்டை யாரிடமாவது கொடுத்தனுப்பினால் கலரை நான் இங்கே உட்கார்ந்து சேர்ப்பேன். அப்பன் செய்த கல்யாண வேலை அதுவாவது இருக்கட்டும்.

கடைக்காரத் தம்பிக்குத் திண்டிவனம். "ராவுல எடுத்தா கார்டு ஜல்தியா ரொம்பிடும்ண்ணே, பந்தியப் புடிச்சிக்கினு இருக்காதீங்க" என்று சிரித்தான். உன் தம்பி ஆன்டனியிடம் சொல். சாப்பிடுகிறவர்களை விட்டுவிட்டு, வெனிலா கோயிலுக்குள் நடந்து வருவதை எடுக்கட்டும்.

பக்கத்தில் நீ அழுதால் அதையும் எடுக்கட்டும். இங்கே அழும்போது எனக்கும் ஒரு துணை வேண்டாமா?

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன் சூசை